குழாய்க்குள் புகுந்த கன்னிக்கால்

கொக்குவிலில் எந்த வீட்டுக் குளிப்புத் தண்ணீர் எந்த வாழையடிக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சுன்னாகம் வரைக்கும் சொல்லுவேன் என்று ஒரு கலியாண வீட்டில் அடித்துவிட்டும் இருக்கிறேன். அது கொஞ்சம் கூடத்தான். உண்மையில் இரண்டு வீட்டுத் தண்ணீரின் போக்குத்தான் எனக்குத் தெரியும். ஒன்று என்னுடையது. மற்றது மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் தம்பி சோமசேகரத்தின் வீடு. ஆனால் அந்த இரண்டாவது தண்ணீரைப் பற்றி நான் சொல்லுவதை நீங்கள் தாராளமாக நம்பலாம். அது போகமாட்டேன் என்று நின்ற நாட்களில் அதன் கரையிலேயே கதிரை போட்டு இருந்தவள் நான்.

தம்பி வீடு என்றேன். ஊரில் அதை ஞானாம்பிகை வீடு என்றுதான் சொல்லுவார்கள். ஞானாம்பிகை என் மச்சாள், சோமசேகரத்தின் மனைவி; எங்களுக்கு ஞானம். சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரரின் மகள். இளைப்பாறும்வரை எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் பருப்பும் நிறுத்தவள். நிறுத்து நிறுத்து, ஒரு சாமானைக் கையில் தூக்கினாலே அதன் பாரத்தைச் சொல்லிவிடுவாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிப் பார்த்து, ஒரு வெற்றிலை குறைகிறது என்று சொன்னாள் என்பது நான் கட்டிய கதை. ஊர் அதை நம்பிவிட்டது. அவளும் இப்போது மறுப்பதில்லை.

அவளுடைய கலியாணத்தில் ஒரு சின்ன விசயம் நடந்தது. எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்று, மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் முள்முருக்கந்தடி ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஒரு செப்புக் காசை வெள்ளைத் துணியில் முடிந்து, வளவின் ஈசான மூலையில் நடுவார்கள். சுமங்கலிப் பெண்கள் பாலும் தண்ணீரும் வார்ப்பார்கள். அதுதான் கன்னிக்கால். வேலிக்குப் போடுகிற அதே மரந்தான், எங்கே குத்தினாலும் துளிர்க்கும். துளிர்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. துளிர்க்காவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் பார்ப்பார்கள்.

எங்கள் வளவில் நட்ட கன்னிக்கால், நாலாம் சடங்கு முடிவதற்குள்ளேயே பட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டு ஆடு குருத்தைத் தின்றுவிட்டது என்று ஒரு கட்சி. அடியில் கல் என்று ஒரு கட்சி. என் அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. காய்ந்த தடியை ஒருமுறை பார்ப்பா, பிறகு புது மருமகளை ஒருமுறை பார்ப்பா. அவ்வளவுதான். அந்தப் பார்வையை ஞானம் எத்தனை வருசம் சுமந்தாள் என்று தராசுக்குக்கூடத் தெரியாது.

ஆகவே தன் ஒரே மகள் மதுராவுக்குக் கலியாணம் வந்தபோது அவள் ஒரு தந்திரம் செய்தாள். ஆவணி மாதம், வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. ஈசான மூலையில் ஒரு சாண் தோண்டினால் கல். பொன்னுருக்குக்கு முதல்நாள், ஒருவருக்கும் சொல்லாமல், அந்த மூலையிலிருந்து கொஞ்சம் நழுவி, குளியலறைக்குப் பின்னால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் அவளே குழியைத் தோண்டி வைத்தாள். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? குளிப்புத் தண்ணீரை வாழைப்பாத்திக்குக் கொண்டு போகிற சீமெந்துக் குழாய் அதற்குக் கீழேதான் ஓடியது. அதன் பொருத்து ஒன்று பழசாகிக் கசிந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தோண்டினாள்.

கேட்டவர்களுக்கு, இதுவும் ஈசானந்தான், சூரியன் கொஞ்சம் சரிந்து உதிக்கிற காலம் என்று சொல்லிவைத்தாள்.

தடி மூன்றாம் நாள் துளிர்த்தது. மாதம் திரும்புவதற்குள் இலைகள் உள்ளங்கை அளவுக்கு வந்தன. ஒரு மழைக்காலத்தோடு மதிலை எட்டிப் பார்த்தது, அடுத்த மழைக்காலத்தோடு என் வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தது. ஊரில் யார் வந்தாலும் ஞானம் அவர்களைக் குளியலறைப் பக்கமாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவாள். வந்தவர்கள், என்ன மரமப்பா இது என்று கேட்கவேண்டும். கேட்காதவர்களுக்குத் தேத்தண்ணீரில் சீனி குறையும்.

மரம் அப்படித் தழைத்தது. மதுராவுக்குப் பிள்ளை மட்டும் வரவில்லை. சுன்னாகத்தில் புருசன் வீட்டில் இருந்துகொண்டு கோயில், வைத்தியர், நேர்த்தி என்று வருசங்கள் போயின. ஞானம் மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். இவ்வளவு இலை விடுகிறாய், ஒரு பிள்ளைக்கு வழி தெரியாதா என்று கேட்பதுபோல இருக்கும். ஒருநாள் அங்கிருந்து செய்தி வந்தது. ஞானம் ஓடிப்போய் முதலில் கட்டிப்பிடித்தது சோமசேகரத்தை அல்ல, மரத்தை. முள் குத்திய கையோடுதான் எனக்கு வந்து சொன்னாள்.

எங்கள் வழக்கப்படி பிள்ளைப்பேற்றுக்கு மகள் தாய் வீட்டுக்குத்தான் வரவேண்டும். தை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுராவை அழைத்து வருவது என்று நாள் வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, குளியலறைத் தண்ணீர் நின்றுபோனது.

நின்ற தண்ணீரை நீங்கள் அசிங்கம் என்று நினைக்கக்கூடாது. முதல் நாட்களில் அது மிக அழகாக இருந்தது. சவர்க்காரம் அடியில் படிந்து, மேலே தெளிந்து, சிறிய சன்னலால் வந்த வானம் அதில் படுத்திருந்தது. முள்முருக்கின் நிழல் அதற்குள் மெல்ல அசையும். வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்தால், வீட்டுக்குள் ஒரு தீர்த்தக் கேணி வந்ததுபோல இருக்கும். யாழ்தேவி அந்தப் பக்கத் தண்டவாளத்தில் போகும்போது தண்ணீரில் வட்டம் வட்டமாக அதிர்வு வரும். இரண்டு தவளைகள் அதில் குடும்பம் நடத்தின. ஒரு நாரை வந்து வாடகைக்குக் கேட்டது. நாரை நான் போட்டது, தவளை உண்மை.

ஞானம் ஈர்க்குக் கட்டால் குத்திப் பார்த்தாள். மூங்கிலைப் பிளந்து விட்டுப் பார்த்தாள். சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து விட்டாள். அது ஒரு முழம் போய் மெத்தையில் இடித்ததுபோல நின்றது. கடையில் விற்கிற, அடைப்பை அரிக்கிற எரிதூளைப் போடச் சொன்னார்கள். டப்பாவைக் கையில் எடுத்தவள், தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தை நினைத்து, திரும்ப வைத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் கோப்பையால் தண்ணீரை அள்ளி வாளியில் நிரப்பி, முதுகு வளைய வெளியே கொண்டுபோய் ஊற்றினாள். ஊற்றியது எங்கே? மரத்தடியில்தான்.

கடைசியில் குருநகரிலிருந்து ஜெரிசனைக் கூப்பிட்டார்கள். அவனுடைய தகப்பன் கடலுக்குப் போகிறவர். இவனுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, மண்ணுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். நீளக் கம்பிச் சுருளைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றினான். வெளியே இழுத்தபோது நுனியில் மண்ணிறத்தில் ஒரு கொத்து மயிர்போல வந்தது. முகர்ந்து பார்த்தான். வெளியே வந்து மரத்தைப் பார்த்தான். பிறகு மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் குழி வெட்டத் தொடங்கினான்.

குழாய் தெரிந்தது. பழைய பொருத்தைப் பிளந்துகொண்டு, என் கைமணிக்கட்டு மொத்தத்தில் ஒரு வேர் உள்ளே போயிருந்தது. தாகம் கொண்ட பிள்ளை செம்பில் வாயை வைத்ததுபோல.

வேரை வெட்டி, உள்ளே அடைந்திருப்பதை இழுத்து, பொருத்தைச் சீமெந்தால் பூசவேண்டும் என்றான் ஜெரிசன். மரத்தையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் வேறு வேர் விடும். வேறு பக்கத்தால் குழாயைக் கொண்டு போகலாமா என்று சோமசேகரம் கேட்டான். மற்றப் பக்கமெல்லாம் கல் என்று ஜெரிசன் அலவாங்குக் கம்பியால் தட்டிக் காட்டினான்.

"உது வேலி மரந்தானே அன்ரி. போனால் இன்னொண்டு குத்தலாம்."

ஞானம் அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"உது வேலி மரமில்லைத் தம்பி. உது என்ரை பிள்ளையின்ரை கன்னிக்கால்."

அவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்குக் கோயிலில் கொடுக்கிற ஓலைச் சிலுவை, காய்ந்து பொடியாகி உதிர்ந்தாலும், தன் தாய் அதை வாசல் நிலைக்கு மேலிருந்து எடுக்க விடுவதில்லை என்று சொன்னான். அலவாங்கை மதிலில் சாத்திவிட்டு, யோசித்துச் சொல்லுங்கோ, சனிக்கிழமை பின்னேரம் வாறன் என்று போய்விட்டான். அந்தச் சனிக்கிழமையைத் தவறவிட்டால் பிறகு முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் மரம் வெட்டுவதோ, குழி தோண்டுவதோ எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். மதுரா ஞாயிறு வந்து இறங்குகிறாள்.

அடைப்போடேயே விடலாமா என்றால் அதுவும் முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் நொச்சியும் பாவட்டையும் அவித்த தண்ணீரில் முழுக்காட்டு. பிள்ளை பிறந்த துடக்குக் கழியும்வரை வாளி வாளியாக வார்க்கவேண்டும். கிணற்றடிக் காற்றில் அவளை நிறுத்த முடியாது. வழுக்குகிற குளத்துக்குள்ளும் நிறுத்த முடியாது. வெட்டினால் மரம் என்னாகுமோ, மரத்தோடு வயிற்றிலுள்ளது என்னாகுமோ. வெட்டாவிட்டால் பெற்ற உடம்பு என்னாகுமோ. ஞானத்தின் இரண்டு தட்டிலும் மதுராவே இருந்தாள். தராசு முள் அசையவில்லை.

சோமசேகரம் ஒருநாள் காலை கோடாலியைத் தீட்டினான். மத்தியானம் தேடினால் கோடாலியைக் காணவில்லை. அரிசிப் பெட்டிக்குள் இருந்தது. அன்றிரவு சோற்றில் துரு மணந்தது என்று நான் ஊருக்குச் சொன்னேன். அவள் என்னோடு ஒரு நாள் கதைக்கவில்லை.

மறுநாள் அவளே மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள். நான் படித்தவள், பழைய புத்தகங்களில் இதற்கு ஏதேனும் பரிகாரம் எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் ஒரு பரிகாரம் வந்தது. ஏட்டுச்சுவடி, அதைப் பாடிய முனிவர், அவருடைய வடிகான், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவளுடைய கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது ஞானம் என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெறும் வசனத்தை நான் சொன்னது குறைவு.

சனிக்கிழமை பின்னேரம் வந்தது. சாய்மனைக் கதிரையை மரத்துக்குக் கீழே போடச்சொல்லி நான் சாய்ந்திருந்தேன். வெயில் இலைகளுக்குள்ளால் வடிந்து, தேன் நிறத்தில் குழிக்குள் விழுந்தது. வேர் வெளியே தெரிந்தபடி கிடந்தது, ஈரம் காய்ந்து, தூங்குகிற ஒன்றின் முழங்கைபோல. ஜெரிசன் சின்ன வாள் ஒன்றோடு குழியின் விளிம்பில் குந்தி இருந்தான். அவனும் அவசரப்படுத்தவில்லை. ஞானம் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். கொக்குவில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

சோமசேகரம் முப்பது வருசம் பஸ் ஓட்டியவன். அவ்வளவு காலமும் முன்னால் பார்த்தபடி இருந்ததால் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அன்றைக்கும் குழியைப் பார்த்தபடிதான் சொன்னான்.

"எங்கடை கன்னிக்கால் நாலு நாளுக்குள்ளேயே பட்டுப்போனது, ஞானம். நான் இண்டைக்கும் இஞ்சதானே நிக்கிறன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். என் அம்மா தடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்த அதே பார்வைபோல எனக்கு இருந்தது, ஆனால் அதில் வேறொன்று இருந்தது.

"நிக்கிறியள். நான் எவ்வளவு தண்ணி ஊத்தினனான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ உடைந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தடியில் ஒரு செம்பு பால் வார்த்தாள். கலியாணத்தில் வார்த்ததுபோல வலக்கையால், மெல்ல.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அரைக்கண்ணால்தான் பார்த்தேன். மற்ற அரைக்கண்ணுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நான் அந்தக் குழாய்க்குள்ளால் நடந்து போகிறேன். குனியத் தேவையில்லாத அளவுக்கு உயரமாக இருக்கிறது. சுவரெல்லாம் வேர், வேரெல்லாம் மெல்லிய வெள்ளை மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விளக்குப்போல எரிகிறது. தூரத்தில் மேளம் கேட்கிறது. எந்தக் கலியாணம் என்று தெரியவில்லை. ஞானத்தினுடையதாயும் இருக்கிறது, மதுராவினுடையதாயும் இருக்கிறது. மேலே இருந்து யாரோ பால் வார்க்கிறார்கள். அது கூரையால் இறங்கி, வேர்வழியாக வந்து, என் உச்சியில் சூடாக விழுகிறது. என் அம்மா ஒரு மூலையில் நின்று காய்ந்த தடி ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறா. ஊற்ற ஊற்ற நிமிர்ந்து பார்க்கிறா. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு செம்பைப் பின்னால் மறைக்கிறா.

வாளின் சத்தம் மெதுவாக, நின்று நின்று கேட்டது. ஜெரிசன் அறுத்தான். ஞானம் பார்க்கமாட்டாமல் வீட்டுக்குள் போய், சாமியறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு இழுத்தார்கள். குழாய்க்குள்ளிருந்து அது வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நீளம் என்று கேளாதீர்கள், நான் சொன்னால் சுன்னாகம் ஸ்ரேசன் வரைக்கும் போகும். குழாயின் வடிவத்திலேயே உருண்டு, மழமழவென்று, நுனியில் சிறுத்து, சடைநாகம் வைத்துப் பின்னிய மணப்பெண்ணின் பின்னல்போல இருந்தது. வேருக்குள் வேராக உண்மையான தலைமயிரும் பின்னியிருந்தது. மதுரா அந்த வீட்டில் தலை முழுகிய காலத்து மயிர். ஞானம் திரும்பி வந்து அதை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். பழக்கம் போகாது.

"மூண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய," என்றாள், ஒருவரும் கேட்காமலே.

குளியலறைக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. வானம் படுத்திருந்த தண்ணீர் மெல்லச் சுழன்று, நடுவில் குழிந்து, நிழலையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. வாழைப்பாத்தியில் போய் அது விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தவளைகள் இரண்டும் வெறுந்தரையில் உட்கார்ந்து எங்களைக் குறை சொல்லுவதுபோலப் பார்த்தன.

மதுரா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மரத்தைப் பற்றி அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாசி பிறந்ததும் மரம் இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. முள்முருக்கு அந்தக் காலத்தில் உதிர்ப்பதுதான், ஊர் வேலிகள் முழுவதும் உதிர்த்துக்கொண்டுதான் இருந்தன. ஞானத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு விடியற்காலையிலும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி மகள் எழும்புவதற்கு முதல் ஒளித்தாள். கடைசி இலையும் விழுந்து மரம் வெறும் எலும்பாய் நின்ற கிழமையில், மதுராவுக்கு நோவு கண்டது. ஆசுபத்திரியிலிருந்து சோமசேகரம் ரெலிபோன் எடுத்து, பொம்பிளைப்பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று சொன்னபோது, ஞானம் ரெலிபோனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் மொட்டை மரத்தைத் தடவிவிட்டு வந்தாள்.

இப்போது மரம் துளிர்த்திருக்கிறது, ஒரு பக்கம் மட்டும். வேர் போன பக்கம் மொட்டைதான். ஞானம் வந்தவர்களைச் சுற்றிக் கூட்டிப்போவதை விட்டுவிட்டாள். துடக்குக் கழிந்தும் அவள் மகளுக்கு முழுக்காட்டை நிறுத்தவில்லை. இலை அவித்த தண்ணீர் பச்சை மணத்தோடு குழாயால் போகிறது. தண்ணீர் வார்க்கும்போது மட்டும் வார்ப்பதை ஒரு கணம் நிறுத்தி, அது போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த செம்பை எடுக்கிறாள்.

இதையெல்லாம் எழுதி, தம்பி வீட்டு விறாந்தையில் இருந்து சத்தமாக வாசித்தேன். மதுரா படுத்திருந்தாள். ஞானம் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டு, கேட்காதவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோமசேகரம் சேலையில் கட்டிய ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் அவன் பிள்ளை நித்திரையா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"எல்லாம் சரி அக்கா, ஒண்டு பிழை. ஜெரிசன் வெட்டேல்லை. அவன் வாளைக் கையில வைச்சுக்கொண்டு, என்னாலை ஏலாது அன்ரி எண்டு நிண்டவன். இவள்தான் வாங்கி அறுத்தவள். சாமியறைக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு நிண்டது நான்."